பச்சை ஆனதைத் தொடாதே

சீட்டு குலுக்கிய அன்று புளியமரத்தடியில் இருந்தவர்கள் ஆறு பேர். கற்பூரம், ஊதுபத்தி விற்கிற எங்கள் தலைவர். கரும்பு ஜூஸ்காரர். இளநீர்க்காரர். வளையல் கடை அக்கா. நான். அப்புறம் என் வீட்டுக்காரர். அவருக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, நான் பயந்துகொண்டே போவேன் என்று துணைக்கு வந்தார். யாரையும் விடவில்லை. மறுநாள் பேச்சு மாறியபோது அந்த ஆறு பேரில் ஒருவர், தான் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லாத மாதிரி பேசினார். அதனால்தான் முதலிலேயே ஆள் கணக்கை எழுதிவிடுகிறேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரமாக எங்கள் ஐந்து கடைகளும் இருக்கின்றன. கடை என்றால் கூரை, கதவு என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு தள்ளுவண்டி, ஒரு மேசை, மேலே தார்ப்பாய். நான் சுக்கு காபியும் சுண்டலும் விற்கிறேன். பாதைக்குப் புதிதாகக் கல் பதித்தபோது பழைய இடங்கள் எல்லாம் போய்விட்டன. எது யாருடைய இடம் என்று அடையாளமே இல்லை. சண்டை வேண்டாம், சீட்டு குலுக்கிவிடலாம் என்றார் தலைவர். அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் செய்தாலும் டிக்கெட் கிழிக்கிற மாதிரி செய்வார். ஐந்து துண்டுக் காகிதத்தில் ஐந்து இடத்தை எழுதி, டம்ளரில் போட்டு, குலுக்கி நீட்டினார்.

தலைவருக்கு அவருடைய பழைய மூலையே வந்தது. ஜூஸ்காரருக்கு மண்டபத்துக்கு எதிரே நல்ல இடம், வாயெல்லாம் பல். மிச்சம் மூன்று பேருக்கும் வேண்டாதது வந்தது. சாலையில் முதலில் வளைவு, அடுத்தது புளியமரம், அதற்கும் அப்பால் பஞ்சாயத்துக் குழாய். வளையல் அக்காவுக்கு வளைவு வந்தது. பஸ் திரும்புகிற இடம், புழுதி முழுக்க வளையல் மேல்தான் விழும். அவளுக்கு மரத்தடி வேண்டும். எனக்கு மரத்தடி வந்தது. எனக்கு வேண்டியது குழாயடி. இளநீர்க்காரருக்குக் குழாயடி வந்தது. அவருக்கோ வளைவு வேண்டும், ஆட்டோக்காரர்கள் அங்கேதான் வண்டியை ஓரம் கட்டுவார்கள்.

எனக்கு ஏன் குழாயடி என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் மறுபடியும் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சுக்கு காபிக்குத் தண்ணீர் குடம் குடமாக வேண்டும். சாதாரண நாளில் நானே எடுத்து வந்துவிடுவேன். பௌர்ணமி அன்று கூட்டம் வந்துவிட்டால் அடுப்பை விட்டு நகர முடியாது. நான் டம்ளர் கழுவத் திரும்பினால் போதும், அவர் குடத்தோடு கிளம்பிவிடுவார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. குழாயடி கிடைத்தால் அவர் தூக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் கட்டாயம் தூக்குவார். அன்றைக்கு என் மனசில் இருந்தது இது ஒன்றுதான். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள்.

எழுத்து மாற்றுகிற விளையாட்டைப் பற்றி இங்கே சொன்னால்தான் அதற்கப்புறம் நடந்தது புரியும். அது போனில் தினம் விடிந்ததும் புதிதாக ஒன்று வரும். கட்டம் கட்டமாக எழுத்து இருக்கும். குறுக்கே மூன்று சொல், நெடுக்கே மூன்று சொல். எல்லா எழுத்தும் அந்தக் கட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் இடம் மாறிக் கிடக்கிறது. இரண்டு எழுத்தைத் தொட்டால் ஒன்று மற்றதன் இடத்துக்குப் போகும். சரியான இடத்தில் உட்கார்ந்த எழுத்து பச்சையாகிவிடும், அதற்குப் பிறகு அதை அசைக்க முடியாது. மொத்தம் பதினைந்து மாற்றுதான் கொடுப்பார்கள். அதற்குள் முடிக்க வேண்டும்.

மேலே க, ட, கு என்றும் கீழே ப, ட, ல் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற க-வையும் கீழே இருக்கிற ப-வையும் மாற்றினால் மேலே படகு, கீழே கடல். ஒரே மாற்றில் இரண்டும் வீடு போய்ச் சேர்ந்தன. இது சுலபம். ஆனால் கீழே முதலில் இருந்த படல் என்பதும் ஒரு சொல்தானே, வேலிக்குக் கட்டுகிற படல். அது சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே மட்டும் உருட்டிக்கொண்டிருப்பேன். நிறத்தைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்து ஏமாறுவது என் வழக்கம்.

அக்காதான் எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். சொல் விளையாட்டு என்றதும், எனக்குத் தெரியாத சொல்லாக வந்து மானம் போகும் என்று முதல் வாரம் தொடவே இல்லை. அப்புறம் பார்த்தால் விளக்கு, கிணறு, பல்லக்கு என்று தெரிந்த சொற்களாகத்தான் வந்தன. ஆனாலும் பயம் போகவில்லை. ஒரு மாற்றுகூட வீணாகிவிடக் கூடாது. அதனால் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பென்சிலால் எழுதி, அழித்து, எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் போனைத் தொடுவேன். அக்காவுக்கு இதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அவள் போனை எடுத்ததும் டப்டப்பென்று தொடுவாள். பாதி நாள் மாற்று தீர்ந்துவிடும்.

காலையில் நாங்கள் பார்த்துக்கொண்டால் சௌக்கியமா என்றெல்லாம் கேட்பதில்லை.

"எவ்ளோ மிச்சம்டி?"

"மூணு. உனக்குக்கா?"

"எனக்கா? எனக்கு ஒண்ணே ஒண்ணு கம்மி. காசு குடுத்தா குடுப்பானா கேளேன்."

இதுதான் எங்கள் சௌக்கியம்.

சீட்டு குலுக்கி முடிந்து நாங்கள் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்தக் கட்டம்தான் தெரிந்தது. மூன்று எழுத்து, மூன்று இடம், மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று. என்னுடையது அக்காவுக்கு வேண்டும், அக்காவுடையது இளநீர்க்காரருக்கு வேண்டும், அவருடையது எனக்கு வேண்டும். இது இரண்டே மாற்றில் முடிகிற கணக்கு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. மடமடவென்று சொல்லிவிட்டேன். அக்கா உடனே தலையாட்டினாள். இளநீர்க்காரர், "எனக்கு வளைவு வந்தா சரிம்மா" என்றார். இது நடந்தது, ஆறு பேரும் கேட்டார்கள்.

தலைவர்தான் கையைக் காட்டினார். "சுத்திச் சுத்தி மாத்தறதெல்லாம் எனக்குப் புரியாதும்மா. ரெண்டு பேர் வாங்க, ரெண்டு சீட்டைக் குடுங்க, கையெழுத்து போடுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்துதான்."

அது பழைய சட்டம். முன்பு ஒருமுறை காலையில் மாற்றி, மதியம் திருப்பி மாற்றி, சாயங்காலம் சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போனது. அன்றிலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துவிட்டார். மூன்று பேர் சுற்றி மாறவேண்டுமானால் யாராவது ஒருவர் இரண்டு முறை மாறித்தான் ஆக வேண்டும். அப்படியானால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. அந்த ஒருவர் இன்று இரவு மட்டும் தனக்கு வேண்டாத இடத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்கா வளையல் பெட்டிகளோடு வெயிலில் நின்றிருந்தாள். முதலில் அவளை நிழலுக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. எதை முதலில் மாற்றினாலும் முடிவு ஒன்றுதானே. நானும் அக்காவும் கையெழுத்து போட்டோம். மரத்தடி அவளுக்குப் போனது. வளைவு எனக்கு வந்தது. நாளைக்குக் காலையில் வளைவை இளநீர்க்காரருக்குக் கொடுத்துக் குழாயடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் கேட்டார். "ஏய், அந்தாளுகிட்ட மொதல்ல மாத்திக்கினு இருந்தா கொழாயடி இன்னிக்கே நம்மள்து ஆயிருக்குமே?"

நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஆமாம். நானும் இளநீர்க்காரரும் முதலில் மாற்றிக்கொண்டிருந்தால் குழாயடி என் கைக்கு வந்திருக்கும். மரத்தடியை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டியவர் அவர். மறுநாள் அவரும் அக்காவும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கட்டத்தில் எந்த வரிசையில் மாற்றினாலும் ஒன்றுதான். எழுத்துகள் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டு வருவதில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. காஸ் வால்வை மூடினேனா என்று இரண்டு தரம் எழுந்து பார்த்தேன். அது மூடித்தான் இருந்தது.

காலையில் விளையாட்டை முடிக்க முடியவில்லை. தாளில் போட்டுப் பார்க்காமலே தொட்டேன். பதினைந்தும் தீர்ந்த பிறகும் இரண்டு எழுத்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இளநீர்க்காரர் தலைவரிடம் வரவில்லை என்றதும் நானே குழாயடிக்குப் போனேன். அவர் மினி லாரியிலிருந்து குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார். இறக்கி அடுக்குகிற விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு மாறப்போகிறவர் அப்படி நேர்த்தியாக அடுக்கமாட்டார்.

"அண்ணா, தலைவர் காத்துக்கினு இருக்காரு. வாங்க, மாத்திக்கலாம்."

"இரும்மா. அவசரம் இன்னா?"

"நாளைக்குப் பௌர்ணமிணா."

"அதான் நானும் சொல்றேன். கல்லு பதிச்சதுல இந்த வாட்டி பேரிகார்டை வளைவுக்கு முன்னாடியே போட்டுடப் போறாங்களாம். ஆட்டோ ஒண்ணும் வளைவு வரைக்கும் வராது. ஆட்டோ வராத எடத்துல நான் இன்னா பண்றது? வீட்லயும் சொல்லிடுச்சி, தண்ணி இருக்கற எடத்த வுடாதேனு."

"நேத்து சரின்னு சொன்னீங்களேணா."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினீங்க. நான் சும்மா நின்னுக்கினு இருந்தேன். நான் அங்க இல்லவே இல்லன்னு வெச்சிக்கோயேன்."

குரலில் கோபம் எதுவும் இல்லை. ஒரு இளநீரைச் சீவி என்னிடம் நீட்டவும் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று. நான் வாங்கவில்லை.

நேரே தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு பேரும் மனசு ஒத்து வந்தாத்தாம்மா நான் எழுத முடியும். ஒருத்தரைப் புடிச்சி இழுத்தா நாளைக்கு உன்னையும் இழுப்பாங்க." அவர் சொன்னதில் தப்பு இல்லை.

என் வீட்டுக்காரர் வளைவில் மேசையைப் போட்டுவிட்டு, குழாயடியை ஒருமுறை, வளைவை ஒருமுறை பார்த்தார். இருந்த மூன்று இடத்தில் இதுதான் குழாய்க்கு ரொம்பத் தூரம். "வுடு. நாலு கொடம் தூக்கினா செத்தா போயிடுவேன்?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

"சரி, சொல்லல. தூக்கறேன்."

அக்கா அதற்குள் புளியமரத்தில் கயிறு கட்டி வளையல் சரங்களைத் தொங்கவிட்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கூப்பிட்டாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி கெடக்குது. இன்னிக்கி எவ்ளோ மிச்சம்?"

"முடிக்கலக்கா."

"முடிக்கலையா! நீயா! தாளு தீர்ந்துடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. சரங்களைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் வேணா வளைவுக்கே போயிடறேன்டி. நீ இங்க வா. என்னாலதானே."

சரி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மரத்தடியிலும் தண்ணீர் இல்லை. அங்கே போனாலும் அவர் தூக்கத்தான் போகிறார், வளைவை விடக் கொஞ்சம் கம்மி தூரம், அவ்வளவுதான். அதற்காக அவளைக் கட்டிய கயிற்றை அவிழ்க்க வைப்பதா?

"வேணாங்க்கா" என்றேன். "நீ உன்னுதை முடிச்சியா?"

"எங்க. ஒண்ணு நகரவே மாட்டேங்குது பாரு."

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். நகராதது நகராமல் என்ன செய்யும், அது பச்சை. அவள் விரலால் பச்சை எழுத்தையே குத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது பச்சைக்கா. இதைத் தொடாத. சுத்தி இருக்கறதை நகர்த்து."

"அட ஆமா" என்று சொல்லி அக்கா குழாயடிப் பக்கம் திரும்பினாள். இளநீர்க்காரர் ஸ்டூல் போட்டு, துண்டை உதறி உட்கார்ந்துகொண்டிருந்தார். "அந்தாளும் பச்சை ஆயிட்டாரு பாரு. இனிமே நகர மாட்டாரு. அவரைப் போயி ஏன்டி குத்திக்கினு இருக்கற?"

"அப்ப நான் இன்னா பண்றது?"

"நீயும் கெட. நானும் கெடக்கறேன். மிச்சம் நகர்றது இன்னா இருக்குது? தண்ணி. நீ ஏன் தண்ணிகிட்டப் போற? தண்ணி உங்கிட்ட வரட்டும்."

எனக்கு உடனே புரியவில்லை. அவளே கையை நீட்டிக் காட்டினாள். குழாயிலிருந்து மரத்துக்குப் பின்பக்கமாக, கல் பதித்த ஓரத்தோடு வளைவு வரைக்கும் ஒரு ட்யூபைப் போட்டுவிட்டால் குடமே வேண்டாம். தோட்டத்துக்குப் போடுகிற பச்சை ட்யூப்.

இவ்வளவு சுலபமா என்று தோன்றியதும் அடுத்த பயம் வந்தது. குழாய் இருப்பது இளநீர்க்காரர் இடத்தில். அவர் மாட்ட விடாவிட்டால்? குடிக்க வருகிறவர்கள் சண்டைக்கு வந்தால்? ட்யூப் தடுக்கி யாராவது விழுந்தால்? அக்கா என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விறுவிறுவென்று குழாயடிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னா பெரியவரே, எடத்த மாத்த மாட்டீரு. தண்ணியவாவது மாத்துவீரா?"

"இன்னாடா இது, வளையக்காரம்மா வழக்காட வந்துடுச்சி."

"இவ வீட்டுக்காரருக்கு வயித்துல தையல். உமக்கே தெரியும். கொழாய்ல ட்யூபை மாட்டிக்கறோம். மதியானமே டிரம்மை ரொப்பிட்டு கழட்டிடுவோம். கூட்டத்துல ட்யூபு கெடக்காது."

அவர் என் பக்கம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அரிவாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு மலை சுற்றி வந்த மாதிரி இருந்தது.

"குடிக்க வர்றவங்க வந்தா ட்யூபை கழட்டிடணும்."

"கழட்டிடுவோம்ணா" என்றேன்.

"வெயில்ல கொலை வாடுது. அதே ட்யூபுல எனக்கும் தண்ணி தெளிச்சிக்குவேன்."

"அப்ப உமக்கும் பங்கு உண்டு" என்றாள் அக்கா. "மூணு பங்கு. இவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உமக்கு ஒண்ணு."

"உனக்கு எதுக்கு? வளையலுக்குத் தண்ணி வுடப்போறியா?"

"புழுதி அடங்க எங்கடைக்கு முன்னாடி தெளிப்பேன். உமக்கு இன்னா?"

அவர் சிரித்துவிட்டார். "சரி, தரேன்." இது முடிந்ததும் அக்கா சும்மா இருக்கவில்லை, தலைவரைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்தினாள். தலைவர், "இது மாத்தே இல்லையேம்மா, இதுக்கு எங்கிட்ட சட்டம் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் காதில் வாங்கிக்கொண்டுதான் போனார்.

தேரடிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் ட்யூபும் இரண்டு கிளாம்பும் வாங்கினோம். பணம் நான்தான் கொடுத்தேன், மற்ற இரண்டு பேரும் அப்புறம் தருவதாகப் பேச்சு. பஸ்ஸில் வருகிறபோது சுருளை மடியில் வைத்துக்கொண்டு, நீளம் போதாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நீளம் சரியாகவே இருந்தது. கொஞ்சம் மிஞ்சக்கூடச் செய்தது.

பௌர்ணமி அன்று மதியம் இளநீர்க்காரரே குழாயைத் திறந்தார். அக்கா மரத்தடியில் நின்றுகொண்டு ட்யூபைக் காலால் தொட்டுப் பார்த்து, "வருது, வருது, என்னைத் தாண்டிடுச்சி" என்று கத்தினாள். என் வீட்டுக்காரர் வளைவில் டிரம்முக்குள் ட்யூபின் முனையை விட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முனை என்ன கனம் இருக்கும்? அதைக்கூடப் பிடிக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் கலங்கல், அப்புறம் தண்ணீர். மரத்தடியில் ஒரு இடத்தில் மடங்கிப் பீய்ச்சி அக்காவின் அட்டைப் பெட்டி ஒன்று நனைந்துபோனது. அதற்கு அவள் இளநீர்க்காரரைத் திட்டினாள். அவர் என்ன தப்பு செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஒரு குடம்கூடத் தூக்கவில்லை. எனக்கு வேண்டியது அதுதான், அது கிடைத்தது. பேரிகார்டு முன்னாலேயே போட்டதால் வளைவில் வண்டி எதுவும் வரவில்லை, நடக்கிறவர்கள்தான். வியாபாரமும் மோசமில்லை. மறுநாள் பேரிகார்டை எடுத்ததும் பஸ் வர ஆரம்பித்தது. பழைய பெயின்ட் டப்பா இரண்டில் சிமென்ட் போட்டு, கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி மேசைக்கு முன்னால் வைத்திருக்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு பஸ் திரும்பும்போதும் நான் கரண்டியோடு இரண்டடி பின்னால் போய்விட்டுத்தான் திரும்பி வருகிறேன். வாடிக்கையாளர்களுக்குப் பழகிவிட்டது.

விளையாட்டு தினமும் நடக்கிறது. நான் மறுபடியும் தாளில் போட்டுப் பார்த்துத்தான் தொடுகிறேன். இப்போது எந்த எழுத்தை முதலில் மாற்றுவது என்று கூடுதலாக ஒரு யோசனை. கட்டத்தில் அதற்கு அவசியமே இல்லை என்று எனக்கும் தெரியும்.

அக்கா மறுநாளே தன் பங்கைக் கொடுத்துவிட்டாள். இளநீர்க்காரர் தினமும் குலைக்குத் தண்ணீர் தெளிக்கிறார், ட்யூபைச் சுருட்டி வைப்பதும் அவர்தான். வாரத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு இளநீர் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. இதையும் கணக்கில் சேர்ப்பதா என்று அக்காவைக் கேட்டேன். "அது உறவு, இது ட்யூபு. ரெண்டையும் ஒண்ணா போடாத" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இளநீர்க்காரரிடம் ட்யூபுப் பங்கைக் கேட்டால், "தரேம்மா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்கிறார். அதுவும் உண்மைதான், பச்சை ஆனவர். அதற்குப் பிறகு இரண்டு பௌர்ணமி போய்விட்டது. ட்யூபுக்கும் கிளாம்புக்குமாக அவர் தரவேண்டிய பங்கு, முந்நூற்று இருபது ரூபாய், அப்படியே நிற்கிறது.